அடக்கக் கூடாத பதினைந்தாவது வேகம்!

அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தைச் சுற்றி வட்டமாக ஒரு படை. சிவந்து, தடித்து, சில இடங்களில் நீர் கசிந்துகொண்டிருந்தது.

"ராத்திரியெல்லாம் அரிப்பு உயிர் போகுதுய்யா. ரெண்டு மூணு களிம்பு போட்டுப் பார்த்துட்டேன். நாலு நாள் குறையும். திரும்ப வந்துரும்."

பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. சங்கிலி படும் இடத்தில் மட்டும், சங்கிலியின் அளவுக்கே புண். கவரிங் நகையில் கலந்திருக்கும் நிக்கல் என்ற உலோகம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. வியர்வை பட்டால் இன்னும் அதிகமாகும். இதற்கு முதல் மருந்து, அந்த நகையைக் கழற்றி வைப்பதுதான்.

"இந்தச் செயினைக் கழற்றிடுங்கம்மா. தங்கம் இருந்தா அதைப் போடுங்க. இல்லேன்னா கழுத்தைச் சும்மா விடுங்க. மருந்து தர்றேன், ரெண்டு வாரத்துல ஆறிடும்" என்றேன்.

அந்த அம்மா சங்கிலியைக் கையால் பொத்திக்கொண்டார். கண் கலங்கியது. ஆனால் ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டார்.

"கழற்ற முடியாதுய்யா... அவங்களுக்குத் தெரிஞ்சுரும்."

பையனின் பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தாலிச் செயினை அடகு வைத்திருக்கிறார். அதே மாதிரியில் கவரிங் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறார். கணவருக்குத் தெரியாது. பையனுக்கும் தெரியாது. தெரிந்தது அவருடைய கழுத்துக்கு மட்டும்தான்!

மருந்து கொடுத்து அனுப்பினேன். ஆனால் அந்த மருந்து வேலை செய்யாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவத்தில் 'வேகங்கள்' என்று பதினான்கைச் சொல்வார்கள். உடம்பு தானாக வெளியேற்ற நினைப்பது, அல்லது தானாகக் கேட்பது. அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு. இவற்றை வலிந்து அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது பாடம்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். 'கண்ணீரைக்கூடச் சேர்த்திருக்கிறார்களே' என்று அப்போது ஒரு வியப்பு. அவ்வளவுதான்.

முப்பது ஆண்டுகள் நாடி பிடித்த பிறகு, அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது நூலில் இல்லை. என் சொந்த அபிப்பிராயம்தான். பதினைந்தாவது வேகம், சொல்ல வேண்டிய சொல். குறிப்பாக, வீட்டுக்குள் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய சொல்.

நம்முடைய நடுத்தரக் குடும்பங்களில் எதைப் பற்றியும் பேசுவோம். சினிமா பேசுவோம், அரசியல் பேசுவோம், பக்கத்து வீட்டு விஷயத்தை நிறையவே பேசுவோம். நம் வீட்டில் கடன் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டிக்கு என்று மட்டும் பேசமாட்டோம். 'அவங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்க', 'பிள்ளை மனசு கஷ்டப்படும்' என்று அன்பின் பெயரால் மறைக்கிறோம். மறைத்தது உடம்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கணவரும் வந்தார்

இரண்டு மாதம் கழித்து ஒருவர் தூக்கமில்லை என்று வந்தார். ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கெழுதுபவர். விலாசம் சொன்னபோதுதான் அந்த அம்மாவின் கணவர் என்பது புரிந்தது. (அடையாளம் தெரியாதிருக்க இருவரைப் பற்றிய விவரங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

"படுத்தா தூக்கமே வரமாட்டேங்கு சார். மூணு மணிக்கு முழிப்பு வந்துரும். அதுக்கப்புறம் மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுரும்."

"என்ன கணக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். பையனின் விடுதிக் கட்டணத்துக்காக 2 லட்சம் ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். மூன்று வட்டி. வீட்டில் சொல்லவில்லை. "அவ ரொம்பப் பயந்த சுபாவம் சார். தாங்கமாட்டா."

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்! ஒரே வீட்டில், ஒரே கட்டிலின் இரண்டு ஓரத்தில், ஒரே பையனுக்காக வாங்கிய இரண்டு கடன்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் படுத்திருக்கின்றன. இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. நோயாளி சொன்னது வைத்தியரோடு நிற்க வேண்டும்.

அவருக்குத் தூக்கத்துக்கு மருந்து கொடுத்தேன். கூடவே ஒரு தாளில் கணக்கும் போட்டுக் கொடுத்தேன்.

மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். ஆண்டுக்கு 36 சதவீதம். 2 லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய். ஒரு வருடத்துக்கு 72,000. மூன்று வருடம் முடிவதற்குள் வட்டி மட்டும் 2,16,000. அதாவது வாங்கிய முதலைவிட அதிகம். முதல் அப்படியே நிற்கும்!

'மூணு வட்டிதானே' என்று சொல்லும்போது சின்னதாகத் தெரிகிறது. நம் மக்கள் வட்டியை மாதக் கணக்கில் சொல்வதே அதன் கனம் தெரியாமல் போவதற்கு ஒரு காரணம். யாரிடம் வாங்கினாலும் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். இரண்டு வட்டி 24 சதவீதம். ஐந்து வட்டி 60 சதவீதம். படிப்புக்கு வங்கியில் கல்விக் கடன் என்று ஒன்று இருக்கிறது. வட்டி வங்கிக்கு வங்கி மாறும் என்றாலும், மூன்று வட்டியோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. படிக்கும் காலத்தில் தவணை கட்டத் தேவையில்லை. வித்யாலட்சுமி என்ற அரசு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதை அந்தக் குடும்பத்தில் யாரும் விசாரிக்கவே இல்லை. ஏன்? விசாரிக்க வேண்டுமானால் முதலில் வீட்டில் பேச வேண்டுமே!

"இந்தத் தாளை வீட்ல ஒருத்தர்கிட்ட காட்டுங்க. அதுதான் இந்த மருந்துக்கு அனுபானம்" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது, "களிம்பு மாத்தித் தர்றதுல பிரயோஜனம் இல்லைம்மா. வீட்ல சொல்லிடுங்க" என்று அவரிடம் தனியாகச் சொன்னேன்.

என் வீட்டுக் கதை

ஊருக்கு உபதேசம் சொல்கிற எனக்கும் இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நியாயமில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்தது 1989-ல். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தங்கை 1991-ல் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டாள். "இப்போ வீட்ல வசதியில்லம்மா" என்று அப்பா சொல்லிவிட்டார். அவளும் மறு பேச்சுப் பேசவில்லை. மூன்று வருடத்தில் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் அது சகஜம்.

2011-ல் அப்பா இறந்த பிறகு, டிரங்குப் பெட்டியில் ஒரு கிரயப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. 'குத்தகைக்கு விட்டிருக்கு' என்று அப்பா எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்த அரை ஏக்கர் வயல், உண்மையில் 1991-லேயே விற்கப்பட்டிருந்தது. என் படிப்புக்கென்று வாங்கிய கடனை அடைக்க.

தங்கையிடம் வசதியில்லை என்று சொன்ன அதே வருடம்!

அது தாத்தா வழி வந்த பூர்வீகச் சொத்து. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது திருமணமாகாதிருந்த பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான பங்கு உண்டு என்று சட்டம் வந்துவிட்டது. பிறகு 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் அந்தச் சட்டம் வரவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

அப்பாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வெயிலில் நின்று, வாயைக் கட்டி, என்னைப் படிக்க வைத்தவர். ஆனால் கடைசிப் பத்து வருடம் அவருக்கு ரத்தக் கொதிப்பு. தூக்கம் கிடையாது. தங்கை வீட்டுக்கு வரும் நாட்களில் மட்டும் ஏனோ சாப்பிடாமல் எழுந்துவிடுவார். நான் மகன் மட்டுமல்ல, வைத்தியன். நாடி பிடித்துப் பார்த்து மருந்து கொடுத்தேனே தவிர, என்ன மனக்குறை என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்றும் இருக்கிறது.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். படித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்ண்ணே. கேக்கலையே, அதுதான்."

எனக்குப் பதில் இல்லை. அவளுடைய மகளின் நர்ஸிங் படிப்புச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். முதலில் மறுத்தாள். "இது தானம் இல்லை, உன் பங்கு" என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தாள். கணக்கு ஓரளவு நேரானது. 1991 திரும்பி வராது.

காலம் மாறியது, நாம் மாறினோமா?

இப்போது பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள், சம்பாதிக்கிறார்கள். வேலை கிடைத்த பிறகுதான் கல்யாணம் என்று தைரியமாகச் சொல்கிறார்கள். என்னிடம் வரும் சில பெற்றோர் இதையே ஒரு வியாதி போலச் சொல்லி வருத்தப்படுகிறார்கள். எனக்கு இது சந்தோஷமான மாற்றமாகத்தான் தெரிகிறது.

எனக்குக் கவலை தருவது வேறு. முன்பு பொருள் குறைவாக இருந்தது, ஊருக்கே தெரிந்திருந்தது. ஒருவர் வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் எதிர் வீட்டிலிருந்து ஒரு சொம்பு கஞ்சி வரும். இப்போது பொருள் இருப்பது போலக் காட்ட வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடம், கல்லூரி, மண்டபம், கார் எல்லாமே நாலு பேர் பார்வைக்கு. அந்த நாலு பேர் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது! வட்டி கட்ட மட்டும் அவர்கள் வருவதில்லை.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை எங்கே வைத்திருக்கிறார் பாருங்கள். பொருட்பாலில்! கள்ளுண்ணாமை 93, சூது 94, மருந்து 95, அடுத்தது குடிமை 96. குடியும் சூதாட்டமும் ஒரு பக்கம், குடும்பத்தின் மானம் மறு பக்கம். நடுவில் மருந்து. ஏன் அப்படி வைத்தார் என்று அறிஞர்கள் சொல்லட்டும். என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களைப் பார்த்தால் அந்த வரிசை சரியென்றுதான் படுகிறது.

மாதம் ஒரு நாள் வீட்டுக் கணக்கு

இதற்கு நான் சொல்லும் வழி ரொம்பச் சாதாரணம். செலவு, ஒரு நாற்பது பக்க நோட்டு.

1. சம்பளம் வந்ததும் வரும் முதல் ஞாயிறு. சாப்பிட்டு முடித்த பிறகு உட்காருங்கள். பசியோடு பணம் பேசினால் சண்டைதான் வரும். டி.வி.யும் செல்போனும் ஓய்வெடுக்கட்டும்.

2. நோட்டில் நான்கு கட்டம். வரவு, செலவு, கடன், நகை. கடனுக்கு நேரே வட்டியை ஆண்டுக் கணக்கில் எழுதுங்கள். நகைக்கு நேரே 'வீட்டில்' அல்லது 'அடகில்' என்று எழுதுங்கள்.

3. வீட்டுக்குப் பெரியவர் எவரோ அவர்தான் முதலில் தன் கடனைச் சொல்ல வேண்டும். பெரியவர் சொன்னால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும்.

4. அன்றைக்கு யாரும் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. 'அப்பவே சொன்னேனே' என்ற வார்த்தைக்குத் தடை! அடுத்து என்ன செய்யலாம் என்று மட்டும் பேசுங்கள்.

5. மகன் படிப்புக்கு ஆனது எவ்வளவு, மகள் படிப்புக்கு ஆனது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒருவருக்குக் குறைந்தால் காரணத்தை அவரிடமே சொல்லுங்கள். சம்மதத்தைக் கேளுங்கள்.

6. உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிள்ளையையும் உட்கார வையுங்கள். பயமுறுத்த வேண்டாம். 'இதுதான் நம்ம நிலைமை, நாங்க பார்த்துக்கிறோம், நீயும் தெரிஞ்சுக்கோ' என்ற தொனி போதும். சின்னக் குழந்தைகளின் தலையில் கடன் கவலையை ஏற்றாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. குடித்துவிட்டு அடிக்கிற கணவரிடம் போய் 'உட்காருங்க, கணக்குப் பேசலாம்' என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே முதலில் தேவை பாதுகாப்பு. நம்பிக்கையான உறவினரிடம் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

உடம்புக்கும் கொஞ்சம்

மனக் கவலையே எல்லா நோய்க்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுப் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியும், அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகளும்தான். கிருமியைக் கண்டுபிடித்த இருவருக்கு 2005-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் நேரத்துக்குச் சாப்பிடாததும், தூக்கம் கெடுவதும், ஓயாத கவலையும் எரிச்சலைக் கூட்டிவிடும். ஆகவே கிருமிக்கும் மருந்து வேண்டும், கவலைக்கும் வழி வேண்டும்.

இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடியுங்கள். காபியும் டீயும் மாலையோடு நிற்கட்டும். மதியம் உப்புக் குறைவாகப் போட்ட நீர்மோர், இடையில் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் நல்லது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் படுத்தபடி கணக்குப் போடாதீர்கள். எழுந்து அந்த நோட்டில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் படுங்கள்.

கவரிங் நகையால் அரிப்பு வந்தால் நகையைக் கழற்றுங்கள். அந்த இடத்தைத் தண்ணீரில் அலசி, ஒற்றித் துடைத்து உலர்வாக வையுங்கள். கண்ட களிம்பையும் வாங்கிப் பூசாதீர்கள். நீர் கசிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை என்றால் 'வாயு' என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவமனை. ரத்த வாந்தி, கறுப்பு மலம் இருந்தாலும் அப்படியே. வீட்டில் யாராவது 'செத்துப் போயிரலாம்னு இருக்கு' என்று சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 104 அல்லது 14416-க்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம்.

கடைசியில் என்ன ஆயிற்று?

முதலில் சொன்னது அந்த அம்மாதான். கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மூன்றாம் நாள் இரவு நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து வந்து மனைவியின் முன்னால் வைத்திருக்கிறார். விடியும்வரை பேசியிருக்கிறார்கள். மறுவாரம் பையன் ஊருக்கு வந்தபோது அவனிடமும் சொல்லிவிட்டார்கள்.

அவன் சொன்னானாம்: "எனக்கு ஹாஸ்டல் வேண்டாம், பஸ்லயே போயிட்டு வர்றேன்னு முதல் வருஷமே சொன்னேன். நீங்கதான் கேக்கல."

கடன் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. விடுதியை விட்டுப் பையன் பஸ்ஸில் போகிறான். மிச்சமுள்ள வருடங்களுக்குக் கல்விக் கடன் வாங்கியிருக்கிறார்கள். மூன்று வட்டிக் கடனை அடைக்கத்தான் முதல் முயற்சி. செயின் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

போன மாதம் கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள். அந்த அம்மாவின் கழுத்தைப் பார்த்தேன். தழும்புகூட மங்கிவிட்டது. கவரிங் இல்லை. தாலி மஞ்சள் கயிற்றில் இருந்தது.

"மருந்து போதும்மா, நிறுத்திடலாம்" என்றேன்.